பல்லு போனா சொல்லு போச்சு... ஈறு போனா?

போன வாரம் ஹாஸ்டல் ஃபேன் ஏன் கிறீச் கிறீச்சுனு கத்துதுன்னு பார்த்தோம். இந்த வாரம் ஒரு ஸ்க்ரூ. நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். தடிமன் 4 மில்லிமீட்டர் பக்கம். மெட்டீரியல், டைட்டானியம். மாட்டுற இடம்... உங்க தாடை எலும்பு! 'டென்டல் இம்ப்ளான்ட்'னு போர்டுல பார்த்திருப்பீங்களே, அதேதான். செஞ்சியில இருந்து திண்டிவனம், திருவண்ணாமலை, பாண்டினு எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும், இறங்குற இடத்துல ஒரு பல் ஆஸ்பத்திரி போர்டு இந்த வார்த்தையோட வரவேற்கும்.

போர்டுல பல்லும் ஸ்க்ரூவும் பளபளன்னு ஜொலிக்கும். அந்த ஸ்க்ரூவைச் சுத்தி ரோஸ் கலர்ல நிக்கிற ஈறைப் பத்தி ஒரு வரிகூட இருக்காது. ஆனா, போட்ட இம்ப்ளான்ட் பத்து வருஷம் கழிச்சும் வாயில இருக்குமாங்கிறதை முடிவு பண்றதுல ஈறுக்குப் பெரிய பங்கு இருக்கு. அதனால இந்த வார ஹீரோ... மிஸ்டர் ஈறு!

எட்டு வருஷமும் ஒரு ராத்திரியும்

நம்ம செஞ்சிக் கோட்டையில இருந்தே ஆரம்பிப்போமா? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரினு மூணு மலையையும் வளைச்சுப் போட்ட மதில் சுமார் 13 கி.மீ. நீளம். 2025 ஜூலையில யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியல்ல மராட்டியர் கோட்டைகள் 12-ஐச் சேர்த்தாங்க. அதுல மகாராஷ்டிராவுக்கு வெளியே இருக்கிற ஒரே கோட்டை நம்மளுது. காலரைத் தூக்கி விட்டுக்கலாம், தப்பே இல்லை!

1690-ல முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் இந்தக் கோட்டையை முற்றுகை போட்டார். உள்ளே சிவாஜியோட மகன் ராஜாராம். கோட்டை முகலாயர் கைக்கு வந்தது 1698-ல. எட்டு வருஷம்! இதே கோட்டையை 1750 செப்டம்பர்ல புஸ்ஸியோட ஃப்ரெஞ்சுப் படை, வாசல் கதவை வெடி வெச்சுப் பேத்துட்டு உள்ளே புகுந்து, ஒரே ராத்திரியில பிடிச்சது. பாண்டிச்சேரி புஸ்ஸி வீதியில நடந்திருப்பீங்களே, அந்த புஸ்ஸியேதான்.

அதே மலை, அதே கல்லு, அதே மதில். வாசல் போச்சு, கோட்டையும் போச்சு.

இம்ப்ளான்ட் கதையும் இப்படித்தான். தாடை எலும்பை மலைன்னு வெச்சுக்கோங்க. அதுல இறங்கி நிக்கிற ஸ்க்ரூ, கோட்டை. ஈறைத் துளைச்சுக்கிட்டு உலோகம் வெளியே தலை காட்டுது பாருங்க, அந்த இடம்தான் வாசல். வாய்க்குள்ள குடித்தனம் நடத்துற பாக்டீரியா கூட்டம் எலும்பு வரைக்கும் இறங்கணும்னா இந்த வாசலைத் தாண்டித்தான் ஆகணும். வாசலுக்குக் காவல்காரன் ஈறு.

முயல் எலும்புல சிக்கின டைட்டானியம்

ஹீரோவைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஸ்க்ரூவோட பெருமையைக் கொஞ்சம் பேசிடுவோம், பாவம். 1952-ல பெர் இங்வர் பிரோனமார்க்னு ஒரு ஸ்வீடன் விஞ்ஞானி, எலும்புக்குள்ள ரத்த ஓட்டம் எப்படி நடக்குதுன்னு பார்க்கிறதுக்காக முயலோட கால் எலும்புல டைட்டானியக் கருவி ஒண்ணைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிஞ்சு கழட்டப் போனா, வர மாட்டேன்னு அடம்! எலும்பு அந்த உலோகத்தோட ஒட்டி வளர்ந்திருந்தது. 1965-ல யோஸ்டா லார்சன்கிற நோயாளிக்கு அவர் டைட்டானிய இம்ப்ளான்ட் போட்டார். 2006-ல லார்சன் இறந்து போற வரைக்கும், அதாவது 40 வருஷத்துக்கு மேல, அது உழைச்சது.

ஏன் டைட்டானியம்? காத்து பட்டவுடனே அது மேல சில நானோமீட்டர் கனத்துக்கு ஒரு ஆக்சைடு படலம் உருவாகிடும். அந்தப் படலம் அரிப்பைத் தடுக்கும். உடம்பும் அதை எதிரியா நினைச்சு விரட்டாது. டைட்டானியம் இருக்கிற இல்மனைட் தாது நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்லயே கிடைக்குதுங்கிறது கூடுதல் தகவல்.

ஆக, எலும்புக்கும் டைட்டானியத்துக்கும் ஜோடிப் பொருத்தம் பிரமாதம். ஈறுக்கும் டைட்டானியத்துக்கும்? அங்கேதான் ஜாதகம் கொஞ்சம் இடிக்குது.

ஒட்டு வேற... கட்டு வேற!

நிஜப் பல்லோட வேர் மேல 'சிமென்டம்'னு ஒரு பூச்சு இருக்கு. (சிவில் பசங்க சந்தோஷப்பட்டுக்கலாம்!) ஈறுல இருந்தும் எலும்புல இருந்தும் கிளம்புற கொலாஜன் நார்கள் இந்தப் பூச்சுக்குள்ள போய்ப் புதைஞ்சு நிக்கும். நாலா பக்கமும் முளை அடிச்சுக் கயிறு கட்டி, பந்தல் காலை இழுத்து நிறுத்துற மாதிரி. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல இந்த நார்களால ஆன மெல்லிய மெத்தை ஒண்ணு இருக்கு. கனம் சுமார் கால் மில்லிமீட்டர்தான். ஆனா, அதுக்குள்ள ரத்தக் குழாய், நரம்பு எல்லாம் உண்டு. சோத்துல கல்லு கடிபட்டா 'டக்'னு தெரியுதே, அதுல இந்த மெத்தைக்கும் பங்கு இருக்கு.

இம்ப்ளான்ட்டுக்கு சிமென்டமும் கிடையாது, மெத்தையும் கிடையாது. ஈறோட நார்கள் உலோகத்துக்குள்ள புதைய முடியாது. அதனால ஸ்க்ரூவுக்கு இணையா மேலும் கீழுமாவும், கழுத்துல மஃப்ளர் சுத்தின மாதிரி வட்டமாவும் ஓடும். மேல் பக்கத்துல ஈறோட தோல் செல்கள் உலோகத்து மேல ஒட்டிக்கும். அது ஒட்டுதான். இழுத்துப் பிடிக்கிற கட்டு இல்லை. மெத்தை இல்லாததால அது வழியா வர்ற ரத்த ஓட்டமும் கிடையாது. கிருமியோட சண்டை போடுற செல்கள் ரத்தத்துலதானே வரணும்? ரோடு குறைஞ்சா படை வர்றதும் குறையும்.

மெக்கானிக்கல் பாஷையில சொன்னா, நிஜப் பல்லைச் சுத்தி இருக்கிறது போல்ட் போட்டு இறுக்கின கேஸ்கெட். இம்ப்ளான்ட்டைச் சுத்தி இருக்கிறது அழுத்தி உட்கார வெச்ச ஓ-ரிங். ஓ-ரிங்கும் சூப்பரா வேலை செய்யும், தூசி மண்ணு சேராம பார்த்துக்கிட்டா!

இந்த ஓ-ரிங்குக்குக் குறிப்பிட்ட உயரம் வேணும். இம்ப்ளான்ட்டைச் சுத்தி ஈறு சாதாரணமா 3 முதல் 4 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தனக்குன்னு இடம் எடுத்துக்கும். ஈறு ரொம்ப மெல்லிசா இருந்தா என்ன ஆகும்? 1996-ல பெர்க்லண்ட், லின்டேன்னு ரெண்டு ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் நாய்களை வெச்சு இதைச் சோதிச்சாங்க. ஈறோட கனத்தை 2 மில்லிமீட்டருக்குக் குறைச்சப்போ, ஆறும்போது மேல் பக்கத்து எலும்பு கரைஞ்சு கீழே இறங்கியிருந்தது. அதாவது, தனக்கு வேண்டிய இடத்தை ஈறு எலும்புகிட்ட இருந்து பிடுங்கிக்கிச்சு! இம்ப்ளான்ட் போடுறதுக்கு முன்னாடி விவரமான டாக்டர்கள் ஈறோட கனத்தையும் அளந்து பார்க்கிறது இதுக்குத்தான்.

வலிக்காத வில்லன்

1965-ல டென்மார்க்ல ஒரு பிரபலமான சோதனை நடந்தது. 12 பேர், பெரும்பாலும் நம்மள மாதிரி ஸ்டூடன்ட்ஸ், பல் மருத்துவம் படிக்கிறவங்க. 'பல் விளக்கவே கூடாது'ன்னு சொல்லிட்டாங்க. (நம்ம ஹாஸ்டல்ல கேட்டிருந்தா ஞாயித்துக்கிழமைகள்ல வாலன்டியர் குவிஞ்சிருப்பாங்க!) மூணு வாரத்துக்குள்ள எல்லாருக்கும் ஈறு வீங்கிடுச்சு. மறுபடி விளக்க ஆரம்பிச்சதும் ஒரு வாரம் பத்து நாள்ல சரியாகிடுச்சு. ஈறு வீக்கத்துக்குக் காரணம் பல்லுல படியிற கிருமிப் படலம்தான்னு உலகம் ஒத்துக்கிட்டது இந்தச் சோதனையாலதான்.

இதே மாதிரி சோதனையை 2012-ல ஸ்விட்சர்லாந்துல, இம்ப்ளான்ட் போட்டவங்களை வெச்சுப் பண்ணினாங்க. மூணு வாரம் சுத்தம் பண்ணாம விட்டு, அப்புறம் மூணு வாரம் ஒழுங்கா சுத்தம் பண்ண வெச்சாங்க. அந்த மூணு வாரத்துல இம்ப்ளான்ட்டைச் சுத்தின ஈறு முழுசா பழைய நிலைமைக்குத் திரும்பலை. குணமாகும், ஆனா நேரம் எடுக்கும்.

டாக்டர்கள் இதை ரெண்டு கட்டமா பிரிக்கிறாங்க. ஈறு மட்டும் சிவந்து, வீங்கி, தொட்டா ரத்தம் வந்தா 'மியூகோசைட்டிஸ்'. இது திருத்தக்கூடிய கட்டம். கிருமி இன்னும் கீழே இறங்கி, ஸ்க்ரூவைப் பிடிச்சிருக்கிற எலும்பே கரைய ஆரம்பிச்சா 'பெரி-இம்ப்ளான்டைட்டிஸ்'. கரைஞ்ச எலும்பைத் திரும்பக் கொண்டு வர்றது கஷ்டம். சில சமயம் இம்ப்ளான்ட்டையே கழட்ட வேண்டி வரும். 2015-ல வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, இம்ப்ளான்ட் போட்டவங்கள்ல சராசரியா 43 சதவிகிதம் பேருக்கு முதல் கட்டமும், 22 சதவிகிதம் பேருக்கு ரெண்டாவது கட்டமும் இருக்கிறதா கணக்குப் போட்டது. ஆய்வுக்கு ஆய்வு இந்த நம்பர் நிறைய மாறுது. ஆனாலும் 'போட்டாச்சு, இனி கவலை இல்லை'ன்னு கால் மேல கால் போட முடியாதுன்னு மட்டும் நல்லாவே புரியுது.

இதுல பெரிய சிக்கல், ஆரம்பத்துல வலி இருக்காது. எங்க பெரியப்பாவையே எடுத்துக்கோங்க. செஞ்சி கமிட்டிக்கு மூட்டை ஏத்துற விவசாயி. கீழ்க் கடைவாய்ப் பல்லு ரெண்டு போயிடுச்சு. "மல்லாட்டையை வெளைய வெக்கிறவன் நானு, மெல்ல முடியலையேடா தம்பி"ன்னு புலம்புவார். ஒரு போகம் மல்லாட்டை வித்த காசுல ரெண்டு இம்ப்ளான்ட் போட்டார். மூணு வருஷம் ஜாலியா மென்னுக்கிட்டு இருந்தார். அப்புறம் பல் விளக்கும்போது ரத்தம். "வலிக்கலையே... உடம்பு சூடா இருக்கும்"னு இளநி குடிச்சுட்டு விட்டுட்டார். ஒரு நாள் விரல் வெச்சா பல்லு ஆடுது! எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தா ஒரு இம்ப்ளான்ட்டைச் சுத்தி எலும்பு பள்ளம் பறிச்சிருக்கு. அதைக் கழட்ட வேண்டியதாச்சு. பக்கத்துல இருந்தது முதல் கட்டத்துலேயே இருந்ததால, சுத்தம் பண்ணிக் காப்பாத்திட்டாங்க.

"இடுக்குல விட்டுத் தேய்க்கச் சின்ன பிரஷ் இருக்குன்னு போட்ட அன்னிக்கே யாராச்சும் சொல்லியிருந்தா தேய்ச்சிருப்பேனே. காலம்பூரா களை எடுக்கிறவனுக்கு இது ஒரு வேலையாடா?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு போகத்து உழைப்பு அது.

ரோஸ் பட்டை ரகசியம்

கண்ணாடியில உங்க கீழ் உதட்டை இழுத்துப் பாருங்க. பல்லை ஒட்டி வெளிர் ரோஸ்ல, கெட்டியா, அசையாம ஒரு பட்டை தெரியும். அதுக்குக் கீழே கொஞ்சம் சிவப்பா, தளதளன்னு அசையிற சதை. மேல இருக்கிற கெட்டிப் பட்டை பிரஷ்ஷோட உரசலைத் தாங்கும். அசையிற சதை தாங்காது, எரியும். எரிஞ்சா அந்த இடத்தைத் தேய்க்காம விட்டுடுவோம். விட்டா அழுக்குப் படியும். சிம்பிள் லாஜிக்.

இம்ப்ளான்ட்டைச் சுத்தி இந்தக் கெட்டிப் பட்டை 2 மில்லிமீட்டராவது இருக்கணும்னு நிறைய டாக்டர்கள் விரும்புறாங்க. இது இல்லாட்டி இம்ப்ளான்ட் காலியா? அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது. 2017-ல அமெரிக்க, ஐரோப்பிய ஈறு நிபுணர்கள் சிகாகோவுல கூடிப் பேசினப்போ, நீண்ட கால ஆரோக்கியத்துக்கு இது கட்டாயமாங்கிறதுல ஆதாரங்கள் ரெண்டு பக்கமும் இருக்கு, ஆனா வலியில்லாம சுத்தம் பண்ண இது உதவும்னு சொன்னாங்க.

பட்டை போதலைன்னா ஒட்டுப் போடலாம். மேல் அண்ணத்துல இருந்து சின்னத் துண்டு எடுத்து, இம்ப்ளான்ட் பக்கத்துல வெச்சுத் தைப்பாங்க. முதல் ரெண்டு மூணு நாளைக்கு அந்தத் துண்டுக்கு ரத்த ஓட்டமே இருக்காது. அடியில கசியிற திரவத்தை உறிஞ்சியே உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். அப்புறம்தான் ரத்தக் குழாய்கள் வந்து சேரும். ஒட்டு மாங்கன்னு வெச்சுட்டுத் துளிர் விடுதான்னு காத்திருக்கிற அதே டென்ஷன்!

'எனக்கு இருபது வயசுதான் பாஸ்!'

இதெல்லாம் தாத்தா பாட்டி மேட்டர்னு பக்கத்தைத் திருப்பப் போறீங்களா? வெயிட். நம்ம வயசுல முன்பல்லு போறதுக்கு பைக்கும் கிரிக்கெட் பந்தும் போதும். முழுசா விழுந்த நிரந்தரப் பல்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க. வேரைத் தொடாம, வெள்ளையா இருக்கிற மேல் பக்கத்தைப் பிடிச்சு எடுங்க. முடிஞ்சா அதே குழியில திரும்ப வைங்க. முடியலையா, டீக்கடையில ஒரு டம்ளர் பால் வாங்கி அதுல போட்டு, அரை மணி நேரம், அதிகம் போனா ஒரு மணி நேரத்துக்குள்ள பல் டாக்டர்கிட்ட ஓடுங்க. வேர்ல ஒட்டியிருக்கிற நார்கள் உயிரோட இருந்தா நிஜப் பல்லே திரும்ப ஒட்டிக்க வாய்ப்பு இருக்கு. காசு கொடுத்து வாங்க முடியாத 'கட்டு' அது. தாடை வளர்ச்சி முடியறதுக்கு முன்னாடி இம்ப்ளான்ட் போட மாட்டாங்கங்கிறதால, ஸ்கூல் படிக்கிற தம்பி தங்கச்சிக்கு இது இன்னும் முக்கியம்.

அடுத்தது, இன்னிக்கு நம்ம ஈறு இருக்கிற லட்சணம். ஏற்கெனவே ஈறு நோய் வந்து பல்லை இழந்தவங்களுக்கு இம்ப்ளான்ட்லயும் அதே பிரச்னை வர்ற ஆபத்து அதிகம். பல்லு போனாலும் பழக்கம் போகாதுல்ல! சிகரெட்டும் ஈறுக்கு எதிரிதான். புகை பிடிக்கிறவங்களுக்கு ஈறுல ரத்தக் கசிவு குறைவா தெரியும். நோய் உள்ளே இருக்கும், அலாரம் மட்டும் ஆஃப் ஆகியிருக்கும். கட்டுப்பாட்டுல இல்லாத சர்க்கரையும் ஈறைப் பதம் பார்க்கும். நம்ம நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை நோய் இருக்கிறதா 2023-ல வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. உங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்கலாம். இம்ப்ளான்ட் பத்திப் பேசுறவரும் அவராவே இருக்கலாம்.

கூடப் போங்க... கேளுங்க!

அப்பா, அம்மா, பெரியம்மா... யாராவது இம்ப்ளான்ட் போடப் போறாங்கன்னா துணைக்குப் போங்க. எவ்வளவு ஆகும்னு அவங்க கேட்டுக்குவாங்க. நீங்க இதைக் கேளுங்க.

'டாக்டர், போடுறதுக்கு முன்னாடி ஈறு நோய் இருக்கான்னு பார்த்துட்டீங்களா? ஈறு எவ்வளவு கனம், கெட்டிப் பட்டை எவ்வளவு இருக்கு? மேல வெக்கிற பல்லைச் சுத்தி பிரஷ் நுழைய இடம் விடுவீங்களா? பல்லை சிமென்ட் வெச்சு ஒட்டினா, மிச்ச சிமென்ட் ஈறுக்குள்ள தங்காம எப்படிப் பார்த்துப்பீங்க? (தங்கினா அதுவே கிருமிக்குக் குடிசை!) வீட்டுல எந்த பிரஷ்ஷால, எப்படிச் சுத்தம் பண்ணணும்னு செஞ்சு காட்டுறீங்களா? எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்கு வரணும்?'

நல்ல டாக்டருக்கு இந்தக் கேள்வியெல்லாம் பிடிக்கும். ஈறுக்குன்னே தனிப் பிரிவு பல் மருத்துவக் கல்லூரிகள்ல உண்டு. 'பெரியோ டிபார்ட்மென்ட்'னு அங்கே படிக்கிற பசங்க சொல்வாங்க. 1953-ல ஆரம்பிச்ச சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி, சிதம்பரத்துல இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரி மாதிரி இடங்கள்ல பல்லையும் ஈறையும் சுத்தம் பண்ணிக்கப் பெரிய செலவும் ஆகாது.

ஏற்கெனவே இம்ப்ளான்ட் போட்டவங்க வீட்டுல இருந்தா, இன்னிக்கு ராத்திரி போன் பண்ணும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "பல் விளக்கும்போது அந்த இடத்துல ரத்தம் வருதா?" 'வருது, ஆனா வலிக்கலை'ன்னு பதில் வந்தா, வலிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு சொல்லுங்க. அந்தக் கட்டத்துல போனா பெரும்பாலும் சுத்தம் பண்றதோட முடிஞ்சிடும்.

போனை வெச்சுட்டு நீங்களும் ஹாஸ்டல் கண்ணாடி முன்னாடி ஒரு தடவை 'ஈஈஈ...'ன்னு இளிச்சுப் பாருங்க. வெளிர் ரோஸ்ல கெட்டியா இருந்தா உங்க காவல்காரன் முழிச்சுக்கிட்டு இருக்கான். சிவந்து வீங்கி இருந்தா, செமஸ்டர் லீவு வரைக்கும் தள்ளிப் போடாம இந்த சனிக்கிழமையே டாக்டரைப் பாருங்க.

அடுத்த வாரம், மெஸ் குக்கர் விசில் அடிக்கிற சீக்ரெட்டோட வர்றேன். அதுவரைக்கும்... ராத்திரியும் பல் விளக்குங்க மக்களே!